இருநூற்றுப் பன்னிரண்டாம் பொருள்

டிப்போவின் தொலைந்த பொருள் அலுவலகத்தில், ஆண்டுச் சரிபார்ப்பு நாளன்று, முப்பத்துநான்கு வயது பஸ் டிரைவர் ஒருவர் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் முடங்கி உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் ஹெல்மெட், அந்தப் பக்கம் யாரோ விட்டுப்போன பல்செட். வருடா வருடம் உட்காரும் இடம்தான். டிப்போவில் அவரைக் 'குடை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மதிய பஸ்ஸின் பின்சீட்டில் ஒரு கறுப்புக் குடையோடு கிடந்த குழந்தை அவர். அலுவலகக் குமாஸ்தா இரண்டையும் ரெஜிஸ்டரில் ஏற்றினார்; குழந்தை இருநூற்றுப் பன்னிரண்டாம் பொருள். மறுநாளே குடையைத் தேடி ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தார். குழந்தையைத் தேடி ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. பிள்ளை இல்லாத குமாஸ்தா முறைப்படி கோர்ட்டில் தத்தெடுத்துக்கொண்டார். ஆனால் பணியில் இருக்கும்வரை அலுவலக ஊழியர்கள் எந்தப் பொருளுக்கும் உரிமை கோரக் கூடாது என்பது விதி. விதியை மீறினால் சோறு இறங்காத மனிதர். ஆகவே வீட்டில் மகன், ரெஜிஸ்டரில் சரக்கு.

அந்த அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. சாவு வீட்டில் டிரைவருக்குக் கண்ணீரே வரவில்லை. "பெத்த புள்ளையா இருந்தா அழும்" என்று ஒரு சொந்தக்காரர் காதில் விழும்படியே சொன்னார். அன்றிலிருந்து அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. யாரும் கேட்டு வராத பொருள்தானா நான் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்து, இரண்டு நிறுத்தங்களைக்கூடத் தவறவிட்டார்.

புது இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"எடை மூணு கிலோன்னு போட்டிருக்கு. நீங்க பொருந்தலையே."

"வளர்ந்துட்டேன் சார்."

"அதுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

கேட்டுவிட்டு, 'தற்போதைய நிலை' என்ற பத்தியை அவரே உரக்கப் படித்தார். வருடத்துக்கு ஒரு வரி, எல்லாம் அப்பாவின் கையெழுத்து. "பல் ஒன்று விழுந்தது. கணக்கில் பெயில், திட்டவில்லை. மீசை முளைத்துள்ளது, கேட்டால் கோபம் வருகிறது. டிரைவர் வேலை கிடைத்தது, அதற்குத் தெரியாமல் அதன் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய் வந்தேன். உடம்பு முடியாத என்னைக் கைத்தாங்கலாக இங்கே கூட்டி வந்தது."

டிரைவர் உடைந்து அழுதார். விசும்பலில் தலை மேல்தட்டில் இடித்தது.

"ரெஜிஸ்டர் நனையுது பாருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "உரிமையாளர் வந்தாரான்னு ஒரு பத்தி இருக்கு. எல்லா வருஷமும் 'வரவில்லை'. இந்த வருஷமும் அதேதான்னா, கழிச்சுக்கட்டற பட்டியல்ல சேர்த்துடுவேன்."

டிரைவர் பேனாவை வாங்கி எழுதினார்: 'வந்தார். தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்தார். இங்கேயே குமாஸ்தாவாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.'

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். "சரி, அவர் கையெழுத்து வேணுமே."

"இறந்துட்டார் சார்."

"அப்போ வாரிசு போடலாம். விதி இருக்கு. வாரிசு யாராவது இருக்காங்களா?"

டிரைவர் அலமாரியிலிருந்து இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இருக்கேன் சார்."