ஆத்தா இறங்கிய பிள்ளை

முதலில் தெரிந்தது என் கைகளுக்குத்தான். விழப் போன தங்கச்சியை இடுப்போடு பிடித்தேன். பதினேழு வயதுப் பிள்ளையின் உடம்பில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. மஞ்சள் சேலைக்குள் வெறும் எலும்பு.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா அன்று. தங்கச்சி தலையில் கரகம். எங்கள் வீடுகள் இருக்கும் லயத்திலிருந்து கோயிலுக்கு ஏறும் மேட்டில் அவள் கால் தடுமாறியது, உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, கண் மேலே செருகியது. "ஆத்தா வந்துட்டாடி!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள், பொம்பளைகள் குலவை போட்டார்கள், சனம் அவள் காலில் விழுந்தது. எங்கள் அம்மாவும் விழுந்தது. "தாயே, எங்க குடும்பத்த காப்பாத்து" என்று பெற்ற பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது.

"ஐயோ, மயக்கம் போடுறா! தப்ப நிப்பாட்டுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "சாமிய பழிக்காதடி" என்று என்னைப் பிடித்து இழுத்தார்கள். அவள் சுருண்டு விழுந்து, தண்ணீர் தெளித்தும் கண் திறக்காத பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வந்தது.

அதற்கு முன்பே பல மாதமாக அவள் சோற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டால், "ஆத்தாவுக்கு நேந்திருக்கேன்" என்பாள். அதற்கு மேல் வாய் திறக்க எங்கள் வீட்டில் யாருக்குத் தைரியம்? கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மா பெருமை பேசும்: "எம் மக மாதிரி யாரு விரதம் இருக்கா?" அவள் மெலிய மெலிய, முகத்தில் தெய்வக் களை வந்துவிட்டது என்றார்கள். அதைப் பார்த்துத்தான் கோயில் தலைவர் கரகத்தையே கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்ட முதல் கேள்வி, வீட்டில் அரிசி இல்லையா என்பது. தோட்டத்துச் சனம் என்றால் பட்டினிதானே! அம்மா கூனிக் குறுகி நின்றது. சத்துமா கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். நல்ல வேளை, ஒரு சிங்கள டாக்டரம்மா தடுத்தார். இது பசியில்லை, சாப்பிட விடாமல் மனதைப் பிடிக்கும் நோய், விட்டால் உயிரை எடுத்துவிடும் என்றார். சோறு இருந்தும் பிள்ளை செத்துப்போகும் என்று சொல்லி, மனநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்.

மனநோய்ப் பிரிவில் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. நானேதான் நடுவில் உட்கார்ந்து சிங்களத்தில் சொன்னேன். எப்படி ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். "ஸ்கூல்ல குண்டுன்னு கேலி பண்ணாங்க" என்றாள். இப்போது ஏன் சாப்பிட முடியவில்லை என்று கேட்டார். தங்கச்சி தலை தூக்காமல் சொன்னாள்: "சாப்புடாம இருந்தப்பதான் எல்லாரும் என்னைய கும்பிட்டாங்க. அம்மாவும் கும்பிட்டுச்சு. இனி எப்பிடி சாப்புடுறது?"

அதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தேன். இது சாமியில்லை, நோய் என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேசினேன், ஸ்கூல் பெற்றோர் கூட்டத்தில் பேசினேன். மனநோய்க் கிளினிக்கில் தமிழ் பேசும் ஒருவரையாவது போடுங்கள் என்று சுகாதார அலுவலகத்துக்கே பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். அங்கே அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையான மனுஷன்தான். "பிள்ளை, சாப்பாடு காணாது எண்டால் எனக்கு விளங்கும். சாப்பாட்டை வேண்டாம் எண்டுற வருத்தம் உங்கட பக்கம் எப்பிடி வந்தது?" என்றார். வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய்.

"வந்திருச்சுங்க ஐயா. எங்க ஆளுகளுக்கே தெரியாம வந்திருச்சு. அதான் சாமின்னு கும்பிடுறோம்" என்றேன். பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நானும் விடுவதாக இல்லை.

போன மாதம் திருவிழாப் பேச்சு மறுபடி எழுந்தது. கோயில் தலைவர் இரண்டு பேரோடு எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே தங்கச்சி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு ரொட்டியை அவள் கையில் எடுக்க வைக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். தலைவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "கரகம் இந்த வருசமும் நம்ம பிள்ளதான். கொஞ்சம் ஒடம்பு வச்சிருச்சு, பரவால்ல, விரதம் இருந்தா எறங்கிரும்."

தங்கச்சி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

அத்தனை இடத்தில் பேசிய நான், சொந்த வாசலில் ஒரு வார்த்தை வராமல் நின்றேன். அம்மாதான் எழுந்தது. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலை மறித்து நின்றது.

"ஆத்தா சாப்புட்டுக்கிட்டு இருக்கா. போயிட்டு வாங்க" என்றது.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. ரொட்டி ஆறிப்போயிருந்தது. தங்கச்சி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு துண்டு பிய்த்தாள்.