ஸ்டேப்ளர் அடித்து மூடிய ரோம்

இன்று காலை மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்தார். நான் எழுதிய த்ரில்லர். ஓர் அத்தியாயம் இன்றைய ஹைதராபாத், அடுத்தது பழங்கால ரோம் என்று மாறி மாறிப் போகும்.

நடுநடுவே பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருந்தார்.

"இது ஏன் சார்?"

"அதெல்லாம் ரோம் சார், நமக்கு நக்கோ, வேணாம். அடுத்து மச்சான் படிக்கணும், அவனாவது மாட்டக் கூடாதுன்னு பின் அடிச்சேன். கொலையெல்லாம் ஹைதராபாத்லதான். அந்த அண்ணன்காரன் இருக்கானே, என்ன வில்லன்! எழுதினவனுக்கு யார் மேலயோ செம கடுப்பு."

சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். என் மனைவி வசந்தாவின் சாவுக்குக்கூட வராத என் அண்ணன்தான் அவன்.

"ரோம்ல என்ன சார் இருக்கு?" என்றேன்.

"யாரோ எண்ணெய்க் கடைக்காரி. புருஷனைத் திட்டிக்கிட்டே இருக்கா. ரெண்டு பக்கத்துல தூக்கம் வந்துடுச்சு."

அவள் திட்டுவதெல்லாம் வசந்தா என்னைத் திட்டியது. ஒரு வார்த்தைகூட மறந்துவிடக் கூடாது என்றுதான் என் மனைவியை ரோமில் கொண்டுபோய் வைத்தேன்.

கடைசி நாளில் வசந்தா தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நான் கொடுக்கவில்லை. ரோமில் அந்தக் கணவன் கொடுத்துவிடுகிறான்.

அதுவும் பின்னுக்குள்தான் இருந்தது.

நான்தான் எழுதினேன் என்று சொல்லாமல் அமீர்பேட்டில் இறங்கிவிட்டேன்.

புத்தகம் பிரமாதம் என்று இங்கே கமென்ட்டில் எழுதிய நண்பர்களே, அந்த எண்ணெய்க் கடைக்காரியின் பெயரை யாராவது சொல்லுங்கள், பார்க்கலாம்.