கமலவேணியின் கடல் சாமந்தி

கமலவேணியின் பொறாமையைப் பற்றிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டுமே, நடந்தது நடந்ததுதான்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே வீடு. கீழே கமலவேணி, மாடியில் அவள் ஓரகத்தி வடிவு. இராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தாலும் கமலவேணியின் காது மாடிப்படியில்தான் இருக்கும். மேலே புது மிக்சி ஓடினாலும் தெரியும், வடிவு சிரித்தாலும் தெரியும். கெட்டவள் என்று சொல்ல முடியாது. வடிவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் படியேறுகிறவளும் அவள்தான். கஞ்சியை ஊற்றும்போதே கண் அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றி வரும், அவ்வளவுதான்.

அண்ணன் தம்பிகளான அவர்கள் புருஷன்மாருக்கு மீன் பைத்தியம். உப்புத்தண்ணீர்த் தொட்டி ஆளுக்கொன்று வைத்தார்கள். தண்ணீர் பக்குவப்பட்டதும் கொளத்தூர் மீன்கடையிலிருந்து ஆளுக்கொரு சோடி கோமாளி மீனும் ஒரு கடல் சாமந்தியும் வந்தன. சாமந்தி என்று பேர்தானே தவிர அது பூ இல்லை, உயிர். மற்ற மீன் தொட்டால் கொட்டிவிடும். கோமாளி மீனை மட்டும் பழகிவிட்டால் பிள்ளைபோல மடியில் வைத்துக்கொள்ளும்.

வடிவின் மீன்கள் மறுநாளே மடியேறிவிட்டன. கமலவேணியின் மீன்களோ தொட்டி மூலையில் மோட்டாரோடு குடித்தனம் நடத்தின. இறால் துணுக்கைச் சாமந்தி பக்கத்தில் போட்டாள். தின்றுவிட்டு மோட்டாருக்கே ஓடின. மீனும் சாமந்தியும் சேர்ந்திருக்கும் படத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தாள். அதற்கும் மசியவில்லை.

"சிலதுக்கு மாசக்கணக்கா ஆவும் கமலா," என்றான் புருஷன் மணிவண்ணன்.

"அவ மீனுக்கு மட்டும் ஒரே நாள்ல ஆச்சே!"

மனசு கேட்காமல் அடிக்கடி மாடி ஏறுவாள். அவள் தலை தெரிந்ததும் வடிவு பழைய புடவையை எடுத்துத் தொட்டிமேல் போர்த்துவாள்.

"வெளிச்சம் ஆவாதுக்கா."

எதிர்வீட்டார் வந்தால் மட்டும் வெளிச்சம் ஆகும்! கண் படும் என்றுதான் மூடுகிறாள் என்பது கமலவேணிக்குத் தெரியாதா? சுட்டது. பொறாமை உண்டுதான், அதற்காக முகத்துக்கு நேரே துணி போடலாமா? ரோஷத்தில் முன்னைவிட அடிக்கடி ஏறினாள். வடிவும் சலித்துப்போய், போர்த்திய புடவையைத் தொட்டிமேலேயே விட்டுவிட்டாள்.

ஒரு சாயங்காலம் வடிவு வாளியோடு இறங்கி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவள் சாமந்தி மோட்டாரில் சிக்கிக் கிழிந்து, தொட்டித் தண்ணீரே கெட்டுவிட்டது.

"ரெண்டு மீனுதான் மிச்சம்க்கா. உன் தொட்டியில வுடட்டுமா?"

கமலவேணிக்கு உள்ளே பால் வார்த்ததுபோல இருந்தது. அடுத்த நொடியே பயம் பிடித்தது. ஊர் யார் கண்ணைச் சொல்லும்?

"எங்கண்ணுதான்னு சொல்றியா?"

"அது ஒண்ணுமில்ல வடிவு," என்றான் மணிவண்ணன். "கடல் சாமந்திக்கு வெளிச்சம் வோணும். மூடியே வெச்சதுல வெளிச்சம் தேடிக்கினு எடம்விட்டு நடந்துபோயி மோட்டார்ல மாட்டிக்கிச்சு."

வடிவு தலை குனிந்தாள். வாளியில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தன் மீன் தொடாத மடியில் இவள் மீன் படுப்பதா? ஆனாலும் கமலவேணி இராட்டையை நகர்த்தி வழிவிட்டாள்.

"வுடு. செத்துத் தொலைஞ்சா அதுக்கும் என்னைத்தான் சொல்லுவ."

சண்டை வராமல் இருக்க மணிவண்ணன் நடுவே வலைத்தடுப்பு வைத்தான். வடிவின் மீன்கள் நேரே போய்ச் சாமந்தியில் புதைந்தன. கமலவேணியின் மீன்கள் மோட்டார் ஓரமாகவே நின்றன.

மறுநாள் காலையில் வடிவு மீன் பார்க்க வந்தாள். கமலவேணி தொட்டிக்கு முன்னால் கால் பரப்பி நின்றாள்.

"தள்ளுக்கா, எம்மீனைப் பாக்கணும்."

"மீனு உன்னுது. சாமந்தி என்னுது. கண்ணு பட்டுடும்."

"எங்கண்ணு படுமா!"

"துணி போட்டா நடந்துடுமாமே. அதான் நானே நிக்கிறேன்."

வடிவு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நில்லு நில்லு. எம்மா நேரம் நிக்கிறன்னு பாக்குறேன்."

அடுப்பில் பால் பொங்கியது. இருவரும் அசையவில்லை.