மறைக்காத வரலாறு கேட்டவர்

பள்ளிப் பாடப்புத்தகங்களில் சில பக்கங்களை அரசு உத்தரவின்படி ஸ்டிக்கர் ஒட்டி மறைத்த வருஷம் அது. சிதம்பரம் கீழவீதியிலுள்ள என் புத்தகக் கடைக்கு அவர் வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, சட்டை. எச்சில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவார். விற்காத புத்தகத்தை ஒருவர் அப்படிப் புரட்டினால் எனக்குக் குமட்டும்.

"பாடத்தையே ஒட்டி மறைக்கிறானுங்கண்ணே. அதான் பொண்ண நிறுத்திட்டு வூட்லயே சொல்லித் தர்றேன். எதையும் மறைக்காம, நெத்தியடியா எழுதுன வரலாறு ஒண்ணு குடுங்க" என்றார்.

சட்டென்று அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. யாருக்கும் பயப்படாமல் ஒருவர் கோபமாக எழுதியிருந்த தமிழக வரலாற்றை எடுத்துக் கொடுத்தேன்.

மறுவாரம் அதே புத்தகத்தோடு வந்தார். பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் வெள்ளை ஸ்டிக்கர். அவருடைய சாதிக்காரர்கள் மற்றவர்களுக்குச் செய்த கொடுமைகளை எழுதியிருந்த இடங்கள் அவை. அவர்கள் வெட்டிய ஏரியும் கட்டிய கோயிலும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"ஸ்கூல்லயும் இதத்தான சார் செஞ்சாங்க?" என்றேன்.

"அவனுங்க செஞ்சது அரசியல். இது எம்பொண்ணு நல்லதுக்கு." முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. "ஆனா அவ வெயில்ல தூக்கிப் புடிச்சு எல்லாத்தையும் படிச்சுப்புட்டா. வெளிச்சத்துல தெரியாத மாதிரி, தடிமனா ஸ்டிக்கர் இருக்குதாண்ணே?"

இருந்தது. என் கைக்கு எட்டும் தூரத்திலேயே கட்டுக்கட்டாக இருந்தது.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.