தெருவே என்னை அடைக்கோழி என்றது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, இருபத்தெட்டு வாக்கில் இருக்கும். மார்கழி மாதம். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள் தெரு ஒன்றில் எங்கள் வீடு. வீட்டில் நான், என் மனைவி, புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்ட என் அக்கா. அப்புறம் அக்காவின் கோழிகள். அந்தக் கோழிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூலின்மேல் ஏறி அசிங்கம் பண்ணிவிட்டால் யார் பதில் சொல்வது? அந்த மாதம் அக்கா ஒரு கோழியை அடை வைத்திருந்தாள். வெளியே பனி என்று சொல்லி, கூடையைத் தறி இருந்த அறையின் மூலையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள். அதற்கும் ஒரு சண்டை போட்டேன்.

என் மனைவிக்கு ஏழாம் மாதம். தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் ஒரு மத்தியானம் வலி எடுத்துவிட்டது. இரட்டைக் குழந்தைகள். முதலில் ஆண், பிறகு பெண். இரண்டும் என் முழங்கை நீளம்கூட இல்லை. அழத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகின. சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மீதி சாமி விட்ட வழி என்று மருத்துவச்சி சொல்லிவிட்டுப் போனாள்.

சூடு என்றால் எங்களுக்குத் தெரிந்தது துணிதானே? பரம்பரையாகத் துணியை நம்பிப் பிழைக்கிறவர்கள். கழிவுப் பட்டு நூலை முறத்தில் மெத்தை மாதிரிப் பரப்பினேன். ஆண் பிள்ளை, மூத்தவன் என்று என் கல்யாணப் பட்டுவேட்டியை மடித்து மடித்து அவனைச் சுற்றினேன். பெண்ணுக்கு மனைவியின் பழைய நூல்சேலை. இதற்குமேல் என்ன செய்துவிட முடியும் என்றுதான் நினைத்தேன். விடிந்து பார்த்தால், அவ்வளவு பட்டுக்குள்ளும் அவன் விறைத்துக் கிடந்தான்.

வேகவதி ஆற்றங்கரையில் அவனைப் புதைத்துவிட்டு வந்து, தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்தேன். மனைவி காய்ச்சலில் நினைவில்லாமல் புரண்டுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் குழந்தையைப் போடப் பயம். அக்கா பெண் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதுவும் சில்லுனு ஆயிக்கினு வருதுப்பா” என்றாள். பிறகு மூலையிலிருந்த கூடையைப் பார்த்து, “அந்தக் கோழிய எறக்கி வுடு. நேத்துலேர்ந்து தீனி எடுக்கல” என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “புள்ளயப் பொதைச்சிட்டு வந்து குந்திக்கினு இருக்கேன். உனக்குக் கோழியா பெருசு?”

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்காவால் எழ முடியவில்லை. நானே போய்க் கோழியைத் தூக்கினேன். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு முட்டையும் மேலே வந்தது. கீழே விழாமல் பிடிக்கக் கையைக் கொடுத்தேன். கை சுட்டது. அதன் மார்பிலும் வயிற்றிலும் இறகே இல்லை. வெறும் தோல், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. முட்டைக்கும் தனக்கும் நடுவே ஒரு சின்ன இறகைக்கூட அது வைத்துக்கொள்ளவில்லை.

கோழி அவசர அவசரமாக நாலு தானியம் கொத்திவிட்டு ஓடிவருவதற்குள் கூடையைத் தொட்டுப் பார்த்தேன். வைக்கோல் ஆறத் தொடங்கியிருந்தது. வைக்கோலுக்கு ஏது சூடு? பட்டுக்கு மட்டும் ஏது? இருக்கிற சூட்டைத் துணி காப்பாற்றும், அவ்வளவுதான். அந்தச் சின்ன உடம்பில் காப்பாற்ற என்ன இருந்தது?

போய்க் குழந்தையின் துணிகளை உருவினேன்.

“பனியில துணிய உருவுறியே, பைத்தியமாப்பா உனக்கு?” என்று அக்கா என் கையைப் பிடித்தாள். கேட்கவில்லை. அம்மணமாகக் குழந்தையை என் வெறும் மார்பில் கவிழ்த்துப் போட்டு, இருவருக்கும் மேலே கம்பளியைப் போர்த்தச் சொன்னேன். ஐஸ் கட்டியைப் போட்டதுபோல் இருந்தது. வெகுநேரம் அசைவே இல்லை. இவளும் போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகு ஒரு விரல் என் தோலைக் கீறியது.

அதற்கப்புறம் தறியில் உட்காரவே இல்லை. நான் கஞ்சி குடிக்க எழுந்தால் அக்கா மாரில் போட்டுக்கொள்வாள். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி தன் பாலைச் சங்கில் பீய்ச்சிக் கொடுத்தாள். தெருவில் சிரிக்காதவர்கள் இல்லை. “இன்னாபா, எத்தினி குஞ்சு பொரிக்கப் போற?” என்று ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். அடைக்கோழி என்று பேரே வைத்துவிட்டார்கள். அறையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கோழி.

ஒரு காலையில் முட்டைகளுக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சத்தம். கோழி அடித்தொண்டையில் பதில் சொன்னது. ஒரு முட்டையில் கீறல் விழுந்தது. உள்ளே இருந்தது கொத்தும், ஓய்ந்துவிடும், மறுபடி கொத்தும். பார்க்கப் பொறுக்காமல் ஓட்டைப் பிய்க்கப் போனேன். “கை வெக்காதப்பா, ரத்தம் வந்துடும். அதுவே வரணும்” என்று அக்கா தடுத்தாள். அந்தி சாய்வதற்குள் ஒவ்வொன்றாக ஈரத்தோடு வெளியே வந்து விழுந்தன. மறுநாள், காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த என் மனைவியின் மார்பில் என் மகளை மாற்றிப் போட்டேன். முதல் தடவையாகக் குழந்தை தொண்டை திறந்து அழுதது.

கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிப் போய்விட்டது. கூடையில் ஒரே ஒரு முட்டை பொரிக்காமல் கிடந்தது. கூமுட்டை, எறிந்துவிடு என்றாள் அக்கா. கையில் எடுத்தேன். சில்லென்று இருந்தது. மூத்தவன் போன அன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது.

என் மகள் இப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தாய். கோழியைப் பார்த்துப் பிள்ளையைக் காப்பாற்றியவன் என்று தெருவில் என்னைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நானும் தலையை ஆட்டிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோழியை ஒரு நாள் முன்னால் தூக்கியிருந்தால் இரண்டு பிள்ளைகளுமே பிழைத்திருக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.