நிரம்பியிருந்த போத்தல் மேல் போட்ட பழி

மகள் பிறந்து ஐந்து மாதம். சிறுநீரை அடக்குவதுபோல் தசையை இறுக்கும் பயிற்சியை, கிளினிக் நர்ஸ் மிஸ் சொன்னபடி தினமும் செய்கிறேன்.

இன்று பன்வில பஸ்ஸில் ஒரேயொரு தும்மல். சீட்டு நனைந்துவிட்டது.

அடுத்த தரிப்பிடத்தில் ஒரு கர்ப்பிணி ஏறினாள். நான் இருந்ததோ கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கிய சீட்டு.

பின் சீட்டில் இருந்த வயதான ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "புள்ளத்தாச்சி நிக்குது, எந்திரிச்சு எடம் குடு தங்கச்சி!"

எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். எழாவிட்டால் நான் மனுசியே இல்லை.

எழுந்தேன். "போத்தல் தண்ணி ஊத்திருச்சு" என்றேன்.

அந்தக் கர்ப்பிணி சீட்டைப் பார்த்தாள். என் கையில் மூடி திறக்காமல் நிரம்பியிருந்த போத்தலையும் பார்த்தாள். உட்காரவில்லை. காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "எனக்கும் இப்புடி ஆகுமாக்கா?"

என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் கண்டி வரைக்கும் போத்தலைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.