சரானுக்கு வாய்க்காத கஷ்டம்

ஐம்பத்திரண்டு வயதில், ஊரை எழுப்பி உட்காரவைக்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஆகிவிடுவது என்று கிளம்பினாள் சரான். தேஜான் நகரத்து வங்கியில் இருபத்தாறு வருஷம் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். நல்ல குரல், கணீர் என்ற உச்சரிப்பு, பேச்சுப் பயிற்சி வகுப்பில் முதல் ஆள். இல்லாதது ஒன்றே ஒன்றுதான், கஷ்டம். எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. புருஷன் குடிக்கமாட்டான். பட்டாளத்துக்குப் போன பிள்ளைகூட இரண்டு கிலோ ஏறித் திரும்பி வந்தான்.

"விழுந்து எழுந்த கதைதான் விக்கும் மேடம். நீங்க விழவே இல்லையே!" என்று பதிப்பாளர் அவள் எழுதிய வாழ்க்கைக் கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதே வகுப்பில் கடைசி வரிசை மிரே. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. ஆனால் அவளுக்கு எல்லாம் அமைந்திருந்தது பாருங்கள்! சூப் கடை தீப்பிடித்தது, புருஷன் ஓடிப்போனான், ராத்தங்க இடம் தரும் பொதுக் குளியல் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தாள். அதை அப்படியே எழுதினாள், புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு பேசக் கூப்பிட்டன. சரானுக்குத் தாங்கவில்லை. கொடுத்துவைத்தவள், கடையே எரிந்திருக்கிறது என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். மறுபடியும் நினைத்தாள்.

மிரேவின் புத்தகத்துக்கு விழா எடுத்தார்கள். அந்த ஊரில் விழா என்றால் ஆளுயரப் பூ அலங்காரம் அனுப்பவேண்டும். தொங்கும் நாடாக்களில் ஒன்றில் வாழ்த்து, மற்றதில் அனுப்பியவர் பெயரும் பட்டமும். வருகிறவர்கள் பூவையா பார்க்கிறார்கள்? நாடாவைத்தான் படிப்பார்கள். பூக்கடைக்குப் போன் செய்தபோது சரானின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"எழுத்தாளர் சரான்னு போடுங்க."

உள்ளே வரும்போதே மிரே அதைப் படித்துவிட்டாள். மேடையேறியதும் முதல் வேலையாகக் கூவினாள். "எழுத்தாளர் சரான் அக்கா வந்திருக்காங்க! புக்கு எப்ப வந்துச்சுக்கா? மூச்சே விடலியே! மேல வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க!"

முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொன்னால் நாளைக்கு மானம் போகும், உண்மை சொன்னால் இப்போதே போகும். சரான் மைக்கைப் பிடித்தாள்.

"புக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த நாடா பொய். பொறாமையில போட்டேன். இவ கடை எரிஞ்சது பொறாமை. இவ புருஷன் ஓடிப்போனது அதைவிடப் பொறாமை. எம்புருஷனும் ஓடுவானான்னு பார்த்தேன். சனியன், ஆறு மணிக்கு டாண்ணு தர்பூசணியோட வந்து நிக்கறான்!"

முன்வரிசைப் பெண் ஒருத்தி தொடையைத் தட்டிச் சிரித்தாள். அவ்வளவுதான், கூட்டம் முழுக்கப் பற்றிக்கொண்டது. "எங்க ஆபீஸ்ல நானும் இப்படித்தாங்க!" என்று டை கட்டிய ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். அன்று மிரேவுக்கு அதில் பாதி கைதட்டல்கூட விழவில்லை.

விழா முடிந்ததும் மிரே சரானின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகமே சரியில்லை.

"அக்கா, தீப்பிடிச்சதையே பேசிப் பேசி எனக்கு அலுத்துப்போச்சு. இந்தப் பொறாமைக் கதைய எனக்குக் குடுத்துருங்களேன், அடுத்த புக்குல போட்டுக்கறேன்."

"கைய எடுடீ," என்றாள் சரான். "இத்தனை வருஷத்துல எனக்குன்னு கிடைச்ச கஷ்டம் இது ஒண்ணுதான்."